கூட்ட அறையில் காய்ந்த காளான்

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை விட்டதும் கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே மருமகளும் அவள் கூட்டாளிகளும் கூடைகளோடு வாசலில் நின்றிருந்தார்கள். காட்டுக்காளான். நாளைக்குள் காயவைக்காவிட்டால் கூழாகிவிடும். அவர்களுக்குப் பின்னால் தோப்புக்காரரின் ஆள், வண்டி நிறையப் பழத்துண்டுகளோடு. கடைசியில், மரக்கரண்டி செய்யும் கட்டைகளைச் சுமந்துகொண்டு கோடாலி. அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் உலர்த்தும் கூடத்தில் ஒரே விதிதான்: எது முதலில் கெடுமோ அதற்கு முதல் தட்டு. யாருடைய சரக்கு, எவ்வளவு சரக்கு என்ற பேச்சே கிடையாது. காளான், அப்புறம் இலை, பழம், வேர், கடைசியில் மரம். தோப்புக்காரரின் ஆள் இன்றும் முணுமுணுத்தான். "எங்க ஒரு வண்டிக்கு இவங்க கூடை அம்பது சேர்ந்தாலும் ஈடாகாது. நாங்க நிக்கணுமாம்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். மருமகள்தான் பதில் சொன்னாள். "உங்க பழம் நாளைக்கும் பழமாத்தான் இருக்கும் அண்ணே. கொஞ்சம் உக்காருங்க."

பண்ணையிலும் காட்டிலும் சிறு தொழில் செய்பவர்களுக்கென்று அரசு தரும் மானியத்தில் எழுந்த கூடம் இது. முதல் தவணையில் சுவர், தட்டு, விசிறி எல்லாம் வந்தன. இரண்டாவது தவணையில் பொட்டலம் கட்ட ஓர் அறை வர வேண்டும். அதற்காக அடுத்த செவ்வாய் ஆய்வு அதிகாரி வருகிறாராம். கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

உறுப்பினர் கூட்டம். தோப்புக்காரர் வரவில்லை, அவர்தான் தலைவர், ஆனால் வருவது அபூர்வம். என்னைச் செயலாளர் ஆக்கியதும் அவர்தான். "அவர் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாரு" என்று அன்று காரணமும் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.

அதிகாரி வரும்போது கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். நான் எழுவதே பெரிய விஷயம் என்பதால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை சரக்கை எல்லாம் எடுத்துவிடுவோம், தட்டுகளைத் தேய்த்துக் கழுவுவோம், சுவருக்கு வெள்ளை அடிப்போம், செவ்வாய் யாரும் சரக்கு கொண்டுவர வேண்டாம் என்றேன். அரசுப் பணம். அதை நாம் எவ்வளவு பொறுப்பாக வைத்திருக்கிறோம் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா?

"பூனை மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பின்னால் ஒருத்தி. நான் நடந்தால் சத்தம் வராது என்பதற்காக வைத்த பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

கழுவினோம். கழுவினோம். இன்னும் கைவிரல் சுருங்கித்தான் இருக்கிறது. கம்பி வலையின் ஒவ்வொரு கண்ணிலும் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். கோடாலி ஏணியில் ஏறி விசிறி இறக்கைகளைத் துடைத்தான். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அதிகாரி அம்மா சிறு வயது. தட்டின் மேல் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். ஒரு துளி அழுக்கு இல்லை. "ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார். "எப்ப திறந்தீங்க?"

"ஒன்றரை வருஷம் ஆகுது மேடம்."

"ஓ" என்றார். நிறையப் படம் எடுத்தார். பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். குறை எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கடிதம். மருமகள்தான் வாங்கினாள், நின்றபடியே படித்தாள், என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கட்டி முடித்து ஒன்றரை ஆண்டாகியும் கூடம் பயன்பாட்டுக்கு வரவில்லை. தட்டுகள் புதியதாகவே உள்ளன." ஆகவே கூடம் மூடி முத்திரையிடப்படும். அதைப் பழக்கூழ் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடுவது குறித்து 26-ஆம் தேதி மாவட்ட அலுவலகத்தில் விசாரணை.

அந்தக் கம்பெனிக்குப் பழம் தருவது யார் என்று எழுதவும் வேண்டுமா? தோப்புக்காரர்தான்.

கழுவச் சொன்னது நான். நான்தான். சரக்கைக் கொண்டுவராதீர்கள் என்று சொன்னதும் இந்த வாய்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

மாவட்ட அலுவலகத்திலிருந்து கிளார்க் வந்தார். பூட்டு, துணி, மெழுகுவர்த்தி, அரக்கு. ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கை உருக்கினார். ஒட்டவில்லை. உருகிய அரக்கு இரண்டு முறை அவர் ஷூவில்தான் விழுந்தது.

இதற்கு மேல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

நான் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவன். கேள்வித்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்தே வயதானவன். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "துணியை முதல்ல லேசா நனைக்கணும் தம்பி. அரக்கைத் தீயில நேரா காட்டாதீங்க, புகை பிடிச்சுக்கும்" என்றேன். அவர் அரக்கை என்னிடம் நீட்டிவிட்டார். நான் வைத்தேன். எங்கள் கூடத்துக்கு நானே முத்திரை வைத்தேன்! ஓரம் பிசிறாமல், வட்டமாக, அச்சு தெளிவாக.

"அருமை சார்" என்றார் கிளார்க்.

திரும்பினேன். மருமகள் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கோடாலி. "பூட்டுப் போட்டவன் கூட இவ்வளவு அக்கறையாப் போடல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

மருமகள் சாப்பாடு வைத்தாள். பேசவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். நேரில் விளக்கினால் புரியாமலா போகும்? எதை எதற்குப் பின்னால் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரிசைப்படுத்திக்கொண்டேன். கிளார்க் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், முத்திரையின் மரியாதை. ஆனால், "பெரிய அதிகாரி இப்ப யாரையும் பாக்க மாட்டாரு சார். எது சொல்றதா இருந்தாலும் வெள்ளிக்கிழமை கூட்ட அறையில சொல்லுங்க" என்றார்.

"கூட்ட அறை எது?"

காட்டினார். நீள மேசை. வரிசையாக விசிறிகள், எல்லாம் முழு வேகத்தில். உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை.

"யாரும் இல்லையே தம்பி?"

"அது எப்பவும் ஓடும் சார். நிறுத்தினா சுவிட்ச் மறுபடி வேலை செய்யாது."

வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல காற்று. உலர்ந்த காற்று. அங்கே எங்கள் ஆட்கள் ஈரக்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். இங்கே நாற்காலிக்குக் காற்று வாங்க விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டே வந்தேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயம் எனக்குப் பழக்கம். அது வயிற்றில் இருக்கும். இது வேறு எங்கோ இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

விடாத மழை. காடு முழுக்கக் காளான் வெடித்திருக்கிறது என்கிறார்கள். இந்தப் பருவத்தின் பெரிய முளைப்பு இதுதான். போனால் அடுத்த மழைக்காலம்தான். மருமகளிடம் வாங்கும் வியாபாரி காய்ந்த காளான் மட்டும்தான் எடுப்பார். ஒரு வருடம் இல்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அத்தோடு அவள் தொழில் முடிந்தது.

மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"பூட்டை உடைக்கறேன். ஒரே போடு" என்றான் கோடாலி.

"உடைச்சா நாளைக்கு போலீசு. அதைக் காட்டியே கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க" என்றாள் மருமகள். "பறிக்காம விடறதா, பறிச்சு அழுக விடறதா, அதைச் சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமினேன்.

"முத்திரையைத் தொடக் கூடாது" என்றேன். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், இவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்பதுபோல். "ஆனா அரசாங்கம் இன்னொரு இடத்துல சும்மா விசிறியை ஓடவிட்டிருக்கு. நான் பார்த்தேன். மேசை நீளம். வெள்ளிக்கிழமை எப்படியும் நம்மளை அங்க வரச் சொல்லியிருக்காங்க. கூடையோட வரக் கூடாதுன்னு கடிதத்துல இல்ல."

மருமகள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு ஜுரமா?"

"தெரியல. இருக்கலாம்."

நான் முத்திரை வைத்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

செப்டம்பர் 26, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அலுவலகம் திறக்கும்போதே போய்விட்டோம். கிளார்க், "விசாரணை பதினோரு மணிக்குத்தானே?" என்றார். "முன்னாடியே வந்து உக்காந்துக்கறோம்" என்றேன். அது பொய் இல்லை. உட்கார்வதற்கு முன்னால் கொஞ்சம் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

மேசை முழுக்க வெள்ளைத் துணி விரித்தோம். காளானை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பினோம். மேசை நிறைந்ததும் ஜன்னல் மேடை. அதுவும் நிறைந்ததும் நாற்காலிகள், பெரிய அதிகாரியின் நாற்காலி தவிர. அதை விடச் சொன்னது நான்தான். பழைய புத்தி.

பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். கூடவே ஆய்வு அதிகாரி அம்மா, தோப்புக்காரர், கம்பெனி ஆள் ஒருவர். வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன இது?"

"காளான் சார்" என்றேன்.

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"கூடத்துக்கு முத்திரை வச்சிட்டீங்க சார். அதை நாங்க தொடல. அதுவும் பொதுப்பணத்துல கட்டினது, இதுவும் பொதுப்பணத்துல கட்டினது. அங்க விசிறி நின்னுபோச்சு. இங்க ஓடுது."

"யாரு அனுமதி கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல. நான் கேக்கவும் இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. எழுபத்திரண்டு வயதில், அனுமதி கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுதானா? யோசித்துப் பார்க்கிறேன். இருக்கலாம்.

"போலீசைக் கூப்பிடணுமா?" என்றார்.

"கூப்பிடுங்க சார்" என்றாள் மருமகள். "வர்றவங்களைக் கை கழுவிட்டு வரச் சொல்லுங்க. ஈரக்காளான் மேல அழுக்குக் கை படக் கூடாது."

தோப்புக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன பெரியவரே, உங்க வயசுக்கு இது அழகா?" அவர் சட்டை காளானில் உரசாமல் இருக்கத் துணியை நகர்த்தி வைத்தேன்.

ஆய்வு அதிகாரி அம்மாதான் ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சரக்கு எப்பவும் வருமா?"

"இதைவிட அதிகம் மேடம்."

"அப்புறம் ஏன் நான் வந்தப்ப ஒண்ணுகூட இல்ல?"

"நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் எடுத்துட்டுக் கழுவினோம்."

அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார். "மத்த எடத்துல எல்லாம் நான் வர்றேன்னா, இல்லாத சரக்கைக் கடன் வாங்கியாவது கொண்டுவந்து அடுக்குவாங்க. இருக்கற சரக்கை எடுத்து ஒளிச்சுட்டுத் தட்டைப் பளபளன்னு தேய்ச்சு வச்ச ஆளுங்களை நான் இங்கதான் பாக்கறேன்."

கோடாலிதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். பெரிய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. விசாரணையைத் திங்களுக்குத் தள்ளிவைத்தார். எல்லாவற்றையும் உடனே எடுக்கச் சொன்னார்.

"இன்னும் முக்கால்வாசி ஈரம் சார். திங்கட்கிழமை காலையில எடுத்துக்கறோம்" என்றேன்.

எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அசையவில்லை. கடைசியில் அவர்தான் கிளம்பிப் போனார். கிளார்க்கிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "சனி, ஞாயிறுல வாட்ச்மேனை விட்டு அப்பப்பப் புரட்டிவிடச் சொல்லுங்க தம்பி. இல்லன்னா அடிப்பக்கம் கறுத்துடும்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். முடியாது என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

நான் செய்தது குற்றமா? குற்றம்தான். எந்தப் பிரிவில் வரும் என்றுகூட யோசித்தாயிற்று. வெளியூரிலிருந்து மகன் ஃபோன் செய்தான். "அப்பா, என்னப்பா இதெல்லாம்? ரிடையர் ஆனவர் மாதிரி இருக்கக் கூடாதா?"

"அப்படி இருந்துதானேடா கூடத்துக்கு நானே அரக்கு வச்சேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காளான் நன்றாகக் காய்ந்திருந்தது. எங்கள் கூடத்தில்கூட இவ்வளவு சீராக வருமா, சந்தேகம். கிளார்க்கின் கண்தான் சிவந்திருந்தது. வாட்ச்மேன் முடியாது என்றுவிட, இரண்டு நாளும் அவரே வந்து புரட்டினாராம்.

பெரிய அதிகாரி என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். முத்திரையை இன்றே எடுத்துவிடலாம், இரண்டாவது தவணையும் உடனே தரலாம் என்றார். ஒரே நிபந்தனை. தட்டுகளில் பாதி கம்பெனிக்கு. மீதியில், அதிகச் சரக்கு கொண்டுவருபவருக்கு முதலிடம். காகிதம் தயாராக இருந்தது. பேனாவையும் அவரே நீட்டினார்.

"அப்ப காளான்?" என்று கேட்டேன்.

"அவங்களும் வரிசையில வரட்டுமே."

"வரிசை வர்றதுக்குள்ள அழுகிடும் சார்."

"எல்லாத்தையும் எல்லாருக்கும் பண்ண முடியாதுங்க."

பேனாவை மூடினேன். வைக்கும்போது டீ சாஸரில் இடித்துச் சத்தம் வந்தது. "நான் கையெழுத்துப் போடல."

"அப்ப முத்திரை அப்படியேதான் இருக்கும்."

"இருக்கட்டும் சார். நல்லா வச்ச முத்திரை அது, சுலபத்துல வராது. இந்த வாரமும் மழைன்னுதான் சொல்றாங்க. நாங்க இங்கயே வந்துக்கறோம். உங்க அறை விசிறிகூட நல்லாத்தான் சுத்துது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். உள்ளே நடந்ததைச் சொன்னேன். இரண்டாவது தவணை போச்சு, பொட்டலம் கட்டும் அறை போச்சு, என் புத்தியால் எல்லாம் போச்சு என்றேன்.

"போகட்டும் மாமா. பொட்டலத்தை மடியில வச்சுக்கூட கட்டலாம்" என்றாள். "தண்ணியை மொதல்ல குடிங்க."

அக்டோபர் 1, புதன்

மறுபடியும் போனோம். இந்தத் தடவை மூலிகை இலை பறிப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூட்ட அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதனால் நடைக்கூடம் முழுக்க விரித்தோம். கோடாலி தன் கட்டைகளை மாடிப்படியின் ஒரு ஓரமாக, ஆள் போக வழி விட்டு அடுக்கினான். வேறு வேலையாக வந்திருந்த ஒரு பெண், "இங்க காயவைக்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். "என்ன சரக்கும்மா?" என்று கேட்டு, இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

பெரிய அதிகாரி இலைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடித் தன் அறைக்குப் போனார். நான் வழி சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நடைக்கூடம் காலியானால் போதும் என்றாராம் பெரிய அதிகாரி. முத்திரையை எடுத்தார்கள். கிளார்க் கத்தியும் குறடும் வைத்து அரை மணி நேரம் போராடினார். "உங்க கை வேலை சார், வர மாட்டேங்குது" என்றார். இந்த முறை நான் உதவிக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கடிதம். கூடம் உறுப்பினர்கள் வசமே இருக்கும். குத்தகை யோசனை கைவிடப்பட்டது. இரண்டாவது தவணை ரத்து.

தோப்புக்காரர் தலைவர் பதவியை விட்டுவிட்டார். கம்பெனியும் வேறு ஊர் பார்க்கிறதாம். என்னையே தலைவராக இருக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். மருமகளைச் சொன்னேன். அவளும் முடியாது என்றாள், ஆனால் அதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

காளான் முடியும் நேரம். ஆனாலும் தட்டெல்லாம் நிறைந்து, கட்டைகள் வாசல்வரை நிற்கின்றன.

பகலில் கிளார்க் வந்தார், விடுமுறை உடையில், தோளில் ஒரு மூட்டை. அவருடைய அம்மா தோண்டிய வேர். உறுப்பினராகப் பணம் கட்டிவிட்டார்களாம், மருமகளிடம் ரசீதும் வாங்கியாயிற்றாம்.

"சார், ரெண்டு தட்டு வேணும்."

"வேருக்கு வியாழக்கிழமைதான் தம்பி. அதுவரைக்கும் கெடாது."

"என்ன சார் நீங்க. சனி, ஞாயிறு லீவை விட்டுட்டு உங்க காளானைப் புரட்டினவன் நான். அதுக்காகவாவது—"

"அதை நான் மறக்க மாட்டேன். வியாழக்கிழமை காலையில வாங்க."

கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றுதான் இருந்தேன். அவர் மூட்டையைச் சுவரோரம் இறக்கினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கீழ் அடுக்கிலிருந்து ஒரு தட்டை இழுத்தார்.

"இது புரட்டி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே சார்" என்றார். குனிந்து பார்த்தேன். ஆமாம், ஆகியிருந்தது.